கப்பலுக்குப் போக எந்த ஆங்கிலம் வேண்டும்?

தமிழ் வழியில் படித்துவிட்டுக் கப்பல் வேலைக்குப் போக நினைக்கும் பிள்ளைகளுக்குக் கடல் பயத்தைவிட ஆங்கில பயம்தான் பெரிது. கையில் கொஞ்சம் பணம் சேர்ந்ததும் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேர்கிறார்கள். தன்னை அறிமுகம் செய்துகொள்வது, பிடித்த பொழுதுபோக்கைப் பற்றி ஐந்து நிமிடம் பேசுவது என்று அங்கே பாடம் நடக்கும். நேர்காணலுக்கு அது உதவும். வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கேங்வே ஏறிக் கப்பலுக்குள் போனபின் தேவைப்படும் ஆங்கிலம் வேறு. அளவில் சிறியது, கட்டுப்பாடு மிகுந்தது, சரளமாகப் பேசுகிறவரைக் கண்டு மயங்காதது. பள்ளியில் ஆங்கிலத்தில் திணறியவரும் முறையாகப் பழகினால் பிடித்துவிடலாம்.

யார் யாரோடு பேசுவதற்கான மொழி இது என்று முதலில் பார்ப்போம். 2021இல் வெளியான சர்வதேசக் கப்பல் பணியாளர் அறிக்கையின்படி, உலக வணிகக் கப்பல்களுக்கு அதிக ஆட்களைத் தரும் ஐந்து நாடுகள் பிலிப்பைன்ஸ், ரஷ்யா, இந்தோனேசியா, சீனா, இந்தியா. இந்த ஐந்திலும் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட மாலுமியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். கேப்டன் உக்ரைன்காரராக இருப்பார், டெக் மாலுமிகளின் தலைவரான போசன் பிலிப்பினோ, செகண்ட் இன்ஜினியர் கேரளத்துக்காரர், பைலட் துருக்கியர். விமானம் ஓட்டுகிறவரைச் சொல்லவில்லை; துறைமுகத்துக்குள் கப்பலை வழிநடத்த ஏறி வருபவருக்கும் பைலட் என்றுதான் பெயர். இவர்கள் எல்லாருக்கும் ஆங்கிலம் கடன் வாங்கிய மொழி. அதனால் இலக்கணப் பிழையை யாரும் பொருட்படுத்துவதில்லை. இரண்டு பொருள்படப் பேசினால்தான் வம்பு.

இந்தப் பேச்சுக்கு எழுதப்பட்ட விதிகள் உண்டு. 1977லேயே சர்வதேசக் கடல்சார் அமைப்பு, சுருக்கமாக ஐ.எம்.ஓ., கடற்பயணத்துக்கென ஒரு சொல்தொகுதியை ஏற்றுக்கொண்டது. 1980களில் இங்கிலாந்தின் பிளிமத் நகரில் மொழியறிஞர்களும் மாலுமிகளும் சேர்ந்து 'சீஸ்பீக்' என்ற வானொலிப் பேச்சு முறையை உருவாக்கினார்கள். அதற்குப் பிறகு 1990 ஏப்ரலில் ஆஸ்லோவிலிருந்து டென்மார்க் சென்ற 'ஸ்காண்டிநேவியன் ஸ்டார்' பயணிகள் கப்பலில் தீப்பிடித்து 159 பேர் இறந்தார்கள். பணியாளர்களில் பலருக்குப் பயணிகளின் மொழியும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. பெரும்பாலோர் கப்பலுக்கே புதியவர்கள். கடல் ஆங்கிலத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்த விபத்தைத் தவறாமல் குறிப்பிடுவார்கள். 1992இல் ஐ.எம்.ஓ. விரிவான புதிய தொகுதி ஒன்றைத் தயாரிக்க முடிவெடுத்தது. அதுதான் 2001 நவம்பரில் ஏற்கப்பட்ட எஸ்.எம்.சி.பி. என்னும் தரப்படுத்தப்பட்ட கடல்வழிச் சொற்றொடர்கள். இதைப் புரிந்துகொள்ளவும் பயன்படுத்தவும் தெரிந்திருக்க வேண்டும் என்று வாட்ச் எனப்படும் முறைப்பணி பார்க்கும் டெக் அதிகாரிகளுக்கு, மாலுமிகளின் பயிற்சி, தகுதி பற்றிய எஸ்.டி.சி.டபிள்யூ. உடன்படிக்கை விதித்திருக்கிறது.

தொகுதி பெரிதுதான், ஆனால் அதன் அடிப்படை விதிகள் கொஞ்சம்தான். ஒரு செய்தி எந்த வகை என்பதை முதலிலேயே சொல்லிவிடலாம்: கேள்வியா, பதிலா, எச்சரிக்கையா, ஆலோசனையா, கட்டளையா, தகவலா, வேண்டுகோளா, என் நோக்கமா. எட்டே எட்டு வகை. 'வார்னிங்' என்று தொடங்கினால், பின்னால் வரும் வாக்கியத்தில் பாதி இரைச்சலில் கரைந்துபோனாலும் ஆபத்தைப் பற்றிய பேச்சு என்பதாவது எதிர்முனைக்குப் போய்ச் சேரும்.

மே, மைட், குட், ஷுட் போன்ற சொற்களை இந்தத் தொகுதி ஒதுக்கி வைக்கிறது. நம் பள்ளிக்கூடத்தில் வகுப்பு வாசலில் நின்று சொல்லப் பழகிய முதல் ஆங்கில வாக்கியமே 'மே ஐ கம் இன் சார்' தான். கப்பலில் 'மே ஐ என்டர் த ஃபேர்வே' (கப்பல் செல்லும் நீர்வழிக்குள் நுழையலாமா) என்றால் அனுமதி கேட்கிறீர்களா, உள்ளே வரக்கூடும் என்று தகவல் சொல்கிறீர்களா என்று கேட்பவர் குழம்பலாம். அதற்குப் பதிலாக 'கொஸ்டின். டு ஐ ஹேவ் பெர்மிஷன் டு என்டர் த ஃபேர்வே' என்று கேட்க வேண்டும். 'யூ குட் பி ரன்னிங் இன்டு டேஞ்சர்' என்று மரியாதையாக இழுக்கக் கூடாது, 'வார்னிங். யூ ஆர் ரன்னிங் இன்டு டேஞ்சர்' என்று நேராகச் சொல்லிவிட வேண்டும். ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்கள்தான் இங்கே அதிகம் சறுக்குகிறார்கள் என்பது என் கணிப்பு. அவர்களுக்குப் பணிவும் சுற்றிவளைப்பும் பழகிப்போயிருக்கும்.

எண்களை இலக்கம் இலக்கமாகச் சொல்வது இன்னொரு விதி. 150 என்றால் 'ஒன் ஃபைவ் ஸீரோ'. ஃபிஃப்டீன், ஃபிஃப்டி இரண்டும் வானொலியில் ஒன்றுபோலக் கேட்கும் என்பதால் இந்த ஏற்பாடு. ஒரு விதிவிலக்கு உண்டு: சுக்கான் கோணத்தை மட்டும் 'ஃபிஃப்டீன்', 'ட்வென்டி' என்று முழு எண்ணாகவே சொல்ல வேண்டும். கப்பலை இயக்கும் பிரிட்ஜ் அறையில் பக்கத்தில் நிற்பவருக்குச் சொல்வது அது. அதிலும் ஐந்து, பத்து, பதினைந்து, இருபது போன்ற சில எண்கள்தான் வழக்கமாக வரும்.

இனிச் சொல்லப்போவது தமிழர்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டியது. "வால்வை மூடலையா?" என்று கேட்டால், மூடாதபோது நாம் "ஆமாம், மூடல" என்போம். கேட்டவர் சொன்னது சரி என்று ஒத்துக்கொள்வது நம் வழக்கம். ஆங்கிலத்தில் அதே இடத்தில் 'நோ' வர வேண்டும். தமிழில் நினைத்து 'யெஸ்' என்று மட்டும் சொன்னால், மூடியாயிற்று என்று எடுத்துக்கொள்ள இடமுண்டு. சீனர்களும் நம்மைப் போலத்தான் பதில் சொல்வார்கள். சீனர் ஒரு முனையிலும் நாம் ஒரு முனையிலும் இருந்து, நடுவில் ஆங்கிலேயர் ஒருவர் கேள்வி கேட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். எஸ்.எம்.சி.பி. இதற்கு எளிய மருந்து வைத்திருக்கிறது. வெறும் யெஸ், வெறும் நோ கிடையாது. பின்னாலேயே முழு வாக்கியமும் வர வேண்டும். 'நோ, த வால்வ் இஸ் நாட் க்ளோஸ்டு.' தலையில் 'யெஸ்' தப்பாக விழுந்தாலும் வால் காப்பாற்றிவிடும்.

வெறும் 'யெஸ்' எவ்வளவு விலை கேட்கும் என்பதற்கு 2007 நவம்பர் 7ஆம் தேதி சான்பிரான்சிஸ்கோவில் நடந்ததைச் சொல்லலாம். கடும் மூடுபனி. 'காஸ்கோ பூசான்' என்ற கன்டெய்னர் கப்பல் பே பிரிட்ஜ் பாலத்துக்குக் கீழே போக வேண்டும். கேப்டன் சீனர், பைலட் அமெரிக்கர். மின்னணு வரைபடத்தில் ஓர் இடத்தைக் காட்டிப் பாலத்தின் நடுப்பகுதி அதுதானா என்று பைலட் சரிபார்க்கிறார். கேப்டன் ஆமாம் என்கிறார். இருவரும் வெவ்வேறு பொருள் கொண்டிருந்தது பிறகுதான் தெரிந்தது. கப்பல் பாலத்தூணின் காப்பரணில் உரசிப் பக்கவாட்டில் கிழிந்து, சுமார் 2 லட்சம் லிட்டர் எரிபொருள் எண்ணெய் விரிகுடாவில் கொட்டியது. பைலட் உட்கொண்ட மருந்துகளால் அவருடைய சிந்தனைத் திறன் குறைந்திருந்ததை விசாரணைக் குழு காரணமாகச் சொன்னது. அதோடு பைலட்டும் கேப்டனும் சரியாகப் பேசிக்கொள்ளாததையும் சேர்த்தே பதிவு செய்தது. கேப்டனுக்கு ஆங்கிலமே தெரியாது என்பதல்ல பிரச்சினை. புரியாத இடத்தில் நிறுத்தி, என்ன சொல்கிறீர்கள் என்று இருவரில் ஒருவராவது கேட்டிருக்க வேண்டும்.

கப்பலுக்குப் போகிற பிள்ளை முதலில் பழக வேண்டிய வாக்கியம் அதனால் 'சே அகெய்ன்', அடுத்தது 'நாட் அண்டர்ஸ்டுட்'. மூத்தவர் சொன்னதைத் திருப்பிக் கேட்பது மரியாதைக் குறைவு என்று வளர்க்கப்பட்ட நமக்கு, இந்த இரண்டையும் வாயிலிருந்து வரவழைப்பது மற்ற இருநூறு சொற்றொடர்களைவிடக் கடினம். 'யெஸ் சார்' சுலபமாக வந்துவிடும். சீஃப் ஆபீசர் எரிச்சல்படுவார்தான். படட்டும்.

டெக்கில் ஓ.எஸ். எனப்படும் தொடக்கநிலை மாலுமியாகச் சேர்பவரின் காதில் நாள்தோறும் விழுபவை சுக்கான் கட்டளைகளும், கப்பலைக் கரையோடு கட்டும் மூரிங் கட்டளைகளும். 'ஸ்டார்போர்டு டென்' என்று அதிகாரி சொன்னால், சக்கரம் பிடிப்பவர் முதலில் 'ஸ்டார்போர்டு டென்' என்று திருப்பிச் சொல்லிவிட்டுத் திருப்ப வேண்டும். சுக்கான் அந்தக் கோணத்துக்கு வந்ததும் வந்துவிட்டது என்று மறுபடி அறிவிக்க வேண்டும். காது தவறாகக் கேட்டிருந்தால் முதல் சொல்லிலேயே பிடிபட்டுவிடும். வலப்பக்கம் ஸ்டார்போர்டு, இடப்பக்கம் போர்ட். இடப்பக்கத்துக்கு ஆங்கிலேயர்கள் பழைய நாளில் 'லார்போர்டு' என்றார்கள். ஸ்டார்போர்டு, லார்போர்டு இரண்டும் ஒன்றுபோல ஒலிக்கிறது என்று 1844இல் பிரிட்டிஷ் கடற்படையே அந்தச் சொல்லைக் கைவிட்டது. சொந்த மொழிக்காரர்களுக்கே குழம்பியிருக்கிறது.

மூரிங் நேரத்தில் ஹீவ், ஸ்லாக் அவே, ஹோல்டு ஆன், மேக் ஃபாஸ்ட், லெட் கோ என்று ஏழெட்டுக் கட்டளைகளுக்குள் வேலை முடிந்துவிடும். வின்ச் சத்தம், காற்று, வாக்கி டாக்கியின் கரகரப்பு எல்லாவற்றுக்கும் நடுவில் ஹீவ் என்றால் கயிற்றை இழுக்க வேண்டும், ஸ்லாக் என்றால் தளர்த்த வேண்டும் என்பது யோசிக்காமலே கைக்கு வர வேண்டும். விறைத்து நிற்கும் கயிறு அறுந்தால் எதிரே நிற்பவரைக் கொன்றுவிடும் வேகத்தில் திரும்பி அடிக்கும். இந்த ஏழெட்டுச் சொற்களைத் தமிழில் பெயர்த்து யோசிக்கவே கூடாது. சொல் காதில் விழுந்ததும் கை நகரும்படி பழக வேண்டும்.

அதிகாரியாகப் படிக்கிறவர்களுக்குச் சிக்கல் வேறு இடத்தில். தெரிந்த ஆங்கிலச் சொற்களே கடலில் வேறு பொருள் கொள்ளும். 1972ஆம் ஆண்டின் மோதல் தடுப்பு விதிகளில் 'அண்டர்வே' என்றால் நகர்கிற கப்பல் என்று பொருளல்ல. நங்கூரம் போடாத, கரையோடு கட்டப்படாத, தரைதட்டாத கப்பல் என்று பொருள். எஞ்சின் நின்று அசையாமல் மிதந்தாலும் அது அண்டர்வேதான். 'நாட் அண்டர் கமாண்ட்' என்றதும் கேப்டன் இல்லாத கப்பல் என்று தோன்றும். ஏதோ அசாதாரணக் காரணத்தால் விதிப்படி விலகிப்போக இயலாத கப்பல் என்பதே விதியின் பொருள். இரவில் மேலும் கீழுமாக இரண்டு சிவப்பு விளக்கு, பகலில் இரண்டு கறுப்புப் பந்து. நங்கூரம் 'டிராகிங்' என்றால் நம்மை மீறி இழுபடுகிறது; 'டிரெட்ஜிங்' என்றால் நாமே வேண்டுமென்று தரையில் இழுத்துப் போகிறோம். வானொலியில் முதலாவதுக்குப் பதில் இரண்டாவதைச் சொன்னால் உதவிக்கு வர வேண்டியவர்கள் வராமல் போகலாம். இந்த விதிகளை மனப்பாடம் செய்வதைச் சிலர் கிண்டல் செய்வார்கள். இங்கே மனப்பாடம் நல்லது. விதியின் சொற்களை மாற்றிச் சொன்னால் பொருள் வழுக்கிவிடும், சென்னையில் எம்.எம்.டி. என்னும் வணிகக் கடல்துறை அலுவலகத்தில் நடக்கும் வாய்மொழித் தேர்விலும் தேர்வாளர் அதைத்தான் கிளறுவார்.

எஞ்சின் அறைக்குப் போகிறவர்களுக்குப் பேச்சைவிட வாசிப்புதான் முக்கியம். இரைச்சலில் காதுக்கவசம் மாட்டிக்கொண்டு யாரும் நீளமாகப் பேச முடியாது, கைச்சைகைதான் ஓடும். ஆனால் எண்ணெயைச் சுத்திகரிக்கும் பியூரிஃபையரைப் பிரிக்குமுன் தயாரிப்பாளரின் மேனுவலைப் படித்தாக வேண்டும். மேனுவல் ஆங்கிலம் கட்டளைகளும் நிபந்தனைகளுமாக இருக்கும்: இதற்கு முன் அது, இந்த அளவைத் தாண்டாதே, வேறுவிதமாகக் குறிப்பிடாதவரை இப்படி. பம்ப், வால்வ், கேஸ்கெட், பேரிங் என்ற பெயர்ச்சொற்கள் ஐ.டி.ஐ. படித்தவருக்குத் தெரிந்தவையே. 'அன்லெஸ்', 'ப்ரையர் டு', 'எக்சீட்' போன்ற சின்னச் சொற்களில்தான் விபத்து இருக்கிறது. விதிநூல்களில் 'ஷல்' வந்தால் கட்டாயம், 'ஷுட்' வந்தால் பரிந்துரை. வானொலியில் விலக்கி வைத்த அதே 'ஷுட்' இங்கே வேலை செய்கிறது.

எழுத்திலும் ஒரு கண்டிப்பான இடம் உண்டு: ஆயில் ரெக்கார்டு புக். எண்ணெய்க் கழிவை எங்கே எடுத்தோம், எவ்வளவு, எங்கே கொடுத்தோம் என்று, கடல் மாசைத் தடுக்கும் மார்போல் உடன்படிக்கைப்படி பதியும் புத்தகம். ஆங்கில எழுத்துக் குறியும் எண்ணும் போட்டு, தேதி, அளவு, இடம் என்று வரும். இலக்கியத் திறமை தேவையே இல்லை. தவறினால் வெள்ளை மை பூசக் கூடாது. கீழே உள்ளது படிக்கத் தெரியும்படி ஒரே கோடு அடித்துக் கையெழுத்திட வேண்டும். பொய்யான பதிவுக்காக அமெரிக்கத் துறைமுகங்களில் இன்ஜினியர்கள் மீது குற்ற வழக்கே நடந்திருக்கிறது.

பேச்சு சுருங்கச் சுருங்க எவ்வளவு வேலை செய்யும் என்பதற்குச் சமீபத்திய உதாரணம் பால்டிமோர். 2024 மார்ச் 26 அதிகாலையில், பெரும்பாலும் இந்தியர்கள் பணிபுரிந்த 'டாலி' என்ற கப்பல் மின்சாரம் இழந்து ஃப்ரான்சிஸ் ஸ்காட் கீ பாலத்தை நோக்கி நகர்ந்தது. மோதலுக்குச் சற்று முன் பைலட்டுகள் தந்த தகவல் விரைவாகப் பாலத்துப் போலீசைச் சென்றடைந்து, இருபுறமும் வாகனங்கள் நிறுத்தப்பட்டன. கப்பல் மோதிப் பாலம் இடிந்து விழுந்தபோது, அதன் மேலிருந்த சாலைப் பணியாளர்களில் ஆறு பேரைக் காப்பாற்ற முடியவில்லை. தகவல் சுற்றிவளைத்து வந்திருந்தால் கார்களும் சேர்ந்து விழுந்திருக்கலாம்.

வீட்டிலிருந்தே பழகுவதற்குப் பெரிய செலவு தேவையில்லை. இரண்டு பேர் வேண்டும்; ஒருவர் அதிகாரி, ஒருவர் சக்கரம் பிடிப்பவர். சொற்றொடர்களை வாய்விட்டுச் சொல்லித் திருப்பிச் சொல்ல வேண்டும். மௌனமாகப் படித்தால் ஒட்டாது. வாய்விட்டுச் சொல்லும்போது ஒலியையும் கவனியுங்கள். தமிழ் எழுத்தில் ப ஒன்றே. ஆங்கிலத்தில் 'பே'வும் (pay) 'பே'வும் (bay) வேறு வேறு ஒலி, ஒன்று செலுத்துவது, மற்றொன்று விரிகுடா. பெயரை எழுத்துக்கூட்ட ஆல்ஃபா, பிராவோ, சார்லி முறையைச் சொந்தப் பெயரிலும் ஊர்ப் பெயரிலும் தொடங்கலாம். அமெரிக்கப் படங்களைப் பார்த்துக் காதைப் பழக்கினால் போதாது. பிலிப்பினோ, ரஷ்யர், சீனர் பேசும் ஆங்கிலத்தைத் தேடிக் கேளுங்கள். நாளைக்கு உங்களோடு வாட்ச் நிற்கப்போவது அவர்கள்தான்.

கப்பலுக்கென ஒரு பணிமொழி தீர்மானிக்கப்பட்டு லாக் புக்கில் எழுதப்பட வேண்டும் என்பது, கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சோலாஸ் உடன்படிக்கையின் விதி. கலப்புப் பணியாளர்கள் உள்ள கப்பல்களில் அது பெரும்பாலும் ஆங்கிலம். மெஸ்ஸில் உட்கார்ந்து இரண்டு தூத்துக்குடிக்காரர்கள் தமிழில் பேசினால் யாருக்கும் தொல்லையில்லை. கன்ட்ரோல் ரூமில் ஒரு பிலிப்பினோ மோட்டர்மேன் பக்கத்தில் நிற்கும்போது எந்த வால்வைத் திறந்தோம் என்று தமிழில் சொல்லிக்கொண்டால், அவர் அதைத் தெரிந்துகொள்ளாமலே வாட்சை முடித்து, அடுத்தவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போய்விடுவார்.