முறிந்த அச்சும் ஒரு லொக் ஃபைல்தான்



இந்த வார எபிசோடில், ஒரேயொரு பகுதி விழுந்தால் முழு சிஸ்டமும் விழுந்துவிடும் நிலையைப் பற்றிக் கதைச்சம். சேர்வர், டேட்டாபேஸ் என்றே உதாரணங்கள் போனது. பிறகு ஒரு நேயர் வேறு பக்கத்தில் இருந்து கேள்வி அனுப்பியிருந்தார். பழைய ஃபோர்ட் பொடியில் புது வி8 எஞ்சின் போட்டு ஹொட் ரொட் கட்டியிருக்கிறார். பின் அச்சு முறிந்துவிட்டது. இன்னும் தடித்த அச்சு போட்டால் பிரச்சினை தீருமா என்பதுதான் கேள்வி.

நான் ஒப்பந்த அடிப்படையில் சொஃப்ட்வெயர் வேலை செய்யிறவன், மெக்கானிக் இல்லை. ஆனால் ஒஷாவாவில் இருந்துகொண்டு காரைப் பற்றி யோசிக்காமல் இருக்கேலாது. 1907இல் இங்கே மக்லாஃப்லின் குடும்பம் கார் செய்யத் தொடங்கியபோதே பொடி ஒஷாவாவில் செய்தது, எஞ்சின் பியூக்கினுடையது. ஒருவரின் உடம்பில் இன்னொருவரின் இதயம் வைப்பது இந்த ஊருக்குப் புதுசில்லை.

நேயருக்குச் சுருக்கமான பதில்: தடித்த அச்சு பாதி விடைதான். முறிந்த துண்டை எறிய முதல் அதை வாசியுங்கோ.

ரயர்தான் ஃபியூஸ்

1932இல் ஃபோர்ட் முதல் வி8 காரை விற்றபோது அதன் வலு 65 குதிரைவலு. பின் அச்சும் அதற்கேற்றபடிதான் செய்யப்பட்டது. 1997 கொர்வெட்டில் வந்த எல்எஸ்1 எஞ்சினோ 345 குதிரைவலு, முறுக்குவிசை ஏறக்குறைய 475 நியூற்றன் மீற்றர். முதல் கியர் விகிதம் 3.06, பின் அச்சு விகிதம் 3.73 என்று வைப்போம். மூன்றையும் பெருக்கினால் பின் சில்லுகளுக்கு 5,400 நியூற்றன் மீற்றர் வரை போகலாம்.

ஆனால் அவ்வளவும் போய்ச் சேராது. பின்பக்கம் 700 கிலோ பாரம், ரயரின் ஆரம் 0.33 மீற்றர், பிடிமானம் 1 என்று எடுத்தால், 2,270 நியூற்றன் மீற்றரிலேயே ரயர் வழுக்கத் தொடங்கிவிடும். ரயர் வழுக்குவதால் அச்சு தப்புது.

இப்ப அகலமான, ஒட்டும் ரயர் போடுங்கோ. பிடிமானம் 1.3. காரை வேகமாக எடுக்கும்போது பாரம் பின்னுக்கு ஏறி 900 கிலோ ஆகிறது. அதே கணக்கு இப்போது 3,800ஐத் தொடும். எஞ்சினில் ஒரு நட்டுக்கூட மாறவில்லை, ஆனால் அச்சு தாங்க வேண்டிய சுமை மூன்றில் இரண்டு பங்கு கூடிவிட்டது. நிறையப் பேர் எஞ்சினைக் குறை சொல்லுவினம், ரயர் மாற்றினதைச் சொல்ல மாட்டினம்.

தடிப்பு உதவும் என்பது உண்மை. முறுக்கைத் தாங்கும் திறன் விட்டத்தின் மூன்றாம் அடுக்கில் ஏறும். 1957 முதல் 1986 வரை வந்த ஃபோர்ட் ஒன்பது அங்குல அச்சில் 28 ஸ்பிளைன், 31 ஸ்பிளைன் என்று இரண்டு வகைத் தண்டு உண்டு. (ஸ்பிளைன் என்பது தண்டு முனையில் வெட்டிய பற்கள்.) முதலாவது ஏறக்குறைய 30.6 மில்லிமீற்றர், மற்றது 33.5. வித்தியாசம் மூன்று மில்லிமீற்றர்தான், பலம் 30 சதவீதம் கூடுது. ஆனால் அச்சைப் பலப்படுத்தினால் அடுத்த பலவீனமான இடம் வரிசைக்கு வரும்: டிஃபரென்ஷியல் பல், யூனிவேர்சல் ஜொயின்ட், கியர்பெட்டி. சேர்வரில் ஒரு நெரிசலை எடுத்தால் அடுத்த நெரிசல் தெரியிற மாதிரித்தான்.

முறிந்த முகம் சொல்லும் கதை

1842 மே 8ஆம் திகதி வேர்சாயில் இருந்து பாரிஸ் போன ரயிலில் முன் எஞ்சினின் அச்சு முறிந்தது. தீப்பிடித்து ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நல்ல இரும்பு எப்படித் திடீரென்று முறியும் என்று எல்லோரும் திகைத்தார்கள். அடுத்த ஆண்டே ஸ்கொட்லாந்துப் பொறியியலாளர் ராங்கின், தண்டின் விட்டம் மாறும் கூர்மையான மூலையில் வெடிப்பு தொடங்கி மெல்ல மெல்ல உள்ளே வளர்வதைக் காட்டினார். பிறகு ஜேர்மனியில் வோலர் பல ஆண்டுகள் ரயில் அச்சுகளைச் சோதித்து, ஒரே தடவையில் முறிக்காத சுமைகூடத் திரும்பத் திரும்ப வந்தால் முறிக்கும் என்று நிறுவினார். இதைத்தான் உலோகக் களைப்பு என்கிறோம்.

ஆகவே முறிந்த முகத்தில் மூன்று விஷயம் பாருங்கோ.

ஒன்று, வழுவழுப்பான பகுதியில் கடற்கரை அலை விட்டுப்போன கோடுகள் போல வளைவுகள் தெரிந்தால் அது களைப்பு. வெடிப்பு பல நாளாக வளர்ந்திருக்கு. கோடுகள் எந்த இடத்தை மையமாக வைத்து வளைகின்றனவோ, அங்கேதான் அது தொடங்கியது.

இரண்டு, ஸ்பிளைன் பற்கள் முறுக்குப்பிழிந்த மாதிரித் திருகி, முகம் தட்டையாக இருந்தால் அது அதிக சுமை. ஒரு பலமான அடியில் போயிருக்கு. இங்கே தடித்த அச்சு சரியான விடை.

மூன்று, அலைக்கோடுகள் தண்டின் விளிம்பில் தொடங்கி, முறிவு தண்டுக்குக் குறுக்காக இருந்தால் அச்சு வளைந்து வளைந்து சுழன்றிருக்கு என்று சந்தேகப்படுங்கோ. கையால் கட்டிய கார்களில் இது முக்கியம். அகலச் சில்லுக்கு இடம் எடுக்க அச்சு ஹவுசிங்கை வெட்டிக் குறுக்கி வெல்ட் பண்ணுவார்கள். வெல்டிங் சூட்டில் குழாய் இழுபட்டு நேர்கோடு தப்பும். பிறகு ஒவ்வொரு சுற்றிலும் தண்டு ஒருமுறை வளைந்து நிமிரும்.

ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2.07 மீற்றர். ஒஷாவாவில் இருந்து ரொறொன்ரோ நகர மையம் 60 கிலோமீற்றர் அளவு, ஒரு வழிக்கு 29,000 சுற்று. 35 தடவை போனால் பத்து லட்சம் வளைவு. இந்த நிலையில் தடித்த அச்சு போட்டாலும் காரணம் அப்படியே இருக்கும், முறிவு கொஞ்சம் தள்ளிப்போகும், அவ்வளவுதான். ஹவுசிங்கை நேராக்கத்தான் வேணும்.

சில்லு கழன்று ஓடுமா?

இதுதான் உயிர் சம்பந்தப்பட்ட கேள்வி. சில வகைகளில் அச்சுத் தண்டை உள்ளே டிஃபரென்ஷியலில் ஒரு சிறிய சி வடிவக் கிளிப் மட்டும் பிடித்து வைத்திருக்கும். அந்தத் தண்டு முறிந்தால் வெளித்துண்டைப் பிடிக்க ஒன்றுமில்லை, சில்லோடு சேர்ந்து வெளியே வரும். 401இல் அது நடந்தால் உங்களுக்கு மட்டுமான ஆபத்து இல்லை. ஒன்பது அங்குல ஃபோர்டில் தண்டை வெளிப்பக்க பெயரிங்கில் தகடு வைத்து போல்ட் போட்டுப் பிடித்திருக்கிறார்கள். உள்ளே ஸ்பிளைன் முறிந்தால் கார் நிற்கும், சில்லு இருக்கும். பெயரிங்குக்கு வெளியே முறிந்தால் இதுவும் காப்பாற்றாது. எதை வாங்குவது என்று யோசிக்கும்போது எவ்வளவு பலம் என்பதோடு, முறிந்தால் என்ன நடக்கும் என்றும் கேளுங்கோ.

முறிந்துவிட்டால்

எஞ்சின் இரையும், வேகமானி ஏறும், கார் நகராது. சாதாரண டிஃபரென்ஷியல் என்றால் பார்க்கில் போட்டாலும் கார் உருளலாம், ஏனென்றால் பார்க் பிடிப்பதும் அதே அச்சு வழியாகத்தான். ஹான்ட் பிரேக்கை இழுத்து, சில்லுக்குக் கட்டை வையுங்கோ. பின் சில்லு தரையில் உருளாதபடி தட்டையான லொறியில் ஏற்றுங்கோ.

கராஜில் முறிந்த இரண்டு முகத்தையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்க வேண்டாம், கம்பித் தூரிகையால் தேய்க்கவும் வேண்டாம். அடையாளம் அழிந்துவிடும். முதலில் படம் எடுங்கோ. எண்ணெயை முழுதாக வடித்து, இரும்புத் துகளைத் துடைத்து, பெயரிங்குகளைப் பாருங்கோ. மற்றப் பக்கத் தண்டும் அதே சுமையைத்தான் தாங்கியது. ஆகவே சோடியாக மாற்றுங்கோ, அல்லது காந்தத் துகள் முறையில் வெடிப்புச் சோதனை செய்யுங்கோ. புதுத் தண்டைப் பூட்ட முதல் அதன் நீளத்துக்கு ஒரு நேர்கோடு பெயின்ட்டால் போடுங்கோ. அடுத்த முறை கழற்றும்போது கோடு சரிந்திருந்தால், முறிய முதலே உங்களுக்குத் தெரிந்துவிடும்.

கேள்வி அனுப்பிய நேயர் முறிந்த முகத்தைப் படம் எடுத்து அனுப்பினால் அடுத்த எபிசோடில் சேர்ந்து வாசிப்பம். மற்ற ஆக்களும் உங்கட கராஜ் மூலையில் கிடக்கிற முறிந்த சாமான்களின் படங்களை அனுப்புங்கோ.