சந்தேகம் போதும், சொல்லிவிடலாம்

சிறுவர் துஷ்பிரயோகத்துக்குப் பெரும்பாலும் கண்ட சாட்சி இருப்பதில்லை. செய்பவர் பல வேளைகளில் உறவினராகவோ அயலவராகவோ, பிள்ளை நம்பும் ஒருவராகவே இருப்பார். பசறை, லுணுகலை, மடுல்சீமை, நமுனுகுலை, அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டங்களில் பிள்ளையின் மௌனத்துக்கு வேறு காரணங்களும் உண்டு. தாய் வெளிநாட்டில் வீட்டு வேலைக்குப் போயிருப்பாள். பிள்ளை பாட்டியிடமோ சித்தப்பா வீட்டிலோ வளரும். லயத்துக் காம்பிராவில் எல்லோரும் நெருங்கி வாழ்வதால், ஒன்றைச் சொன்னால் லயம் முழுக்கத் தெரிந்துவிடும் என்ற பயமும் பெரிது.

இலங்கைச் சட்டத்தில் குறை அதிகம் இல்லை. 1995ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவைத் திருத்தம் சிறுவர் கொடுமை, பாலியல் சுரண்டல், பாரதூரமான பாலியல் துஷ்பிரயோகம் ஆகியவற்றைத் தனிக் குற்றங்களாக்கியது. 16 வயதுக்குக் குறைந்த பெண்பிள்ளையுடன் உடலுறவு கொள்வது, அவள் சம்மதித்தாலும் பாலியல் வல்லுறவே. 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டம் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையை அமைத்தது. அதன் 1929 என்ற இலக்கத்தை நாளின் எந்நேரத்திலும் கட்டணமின்றி அழைக்கலாம்; பெயர் சொல்லாமலும் தகவல் தரலாம். பொலிஸின் சிறுவர் மற்றும் பெண்கள் பணியகத்திடமோ, பிரதேச செயலகத்திலுள்ள சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரிடமோ, நன்னடத்தை அலுவலரிடமோ முறையிடலாம்.

ஆனாலும் பல சம்பவங்கள் அந்த வாசல்களுக்கு வந்து சேர்வதில்லை. முதல் தடை, 'பேசித் தீர்த்தல்'. குடும்பப் பெரியவர்களும் தோட்டத் தலைவர்களும் கூடி, பிள்ளையின் பேர் கெடக்கூடாது என்று சொல்லி, மன்னிப்போடோ பணத்தோடோ விடயத்தை முடித்துவிடுவார்கள். சில வேளை குற்றம் செய்தவருக்கே பிள்ளையைக் கட்டிவைக்கவும் முனைவார்கள். பொதுச் சட்டப்படி 18 வயதுக்கு முன் அந்தத் திருமணம் செல்லாது. வல்லுறவு சமரசத்தால் தீரும் குற்றமும் அல்ல. இரண்டாம் தடை தூரமும் கூலியும். பொலிஸுக்கும் பதுளை வைத்தியசாலைக்கும் போகும் ஒவ்வொரு நாளும் பேர் விழாத, கூலி கிடைக்காத நாள். குற்றம் செய்தவர் வீட்டின் ஒரே உழைப்பாளி என்றால், முறையிடுவதற்கே தாய் அஞ்சுவாள். மூன்றாவது மொழி. தமிழில் சொன்ன முறைப்பாடு சிங்களத்தில் எழுதப்படும்போது, பிள்ளை சொன்ன சொல் மாறிப்போகலாம். அந்த மாற்றமே பின்னர் குறுக்கு விசாரணையில் 'முரண்பாடு' ஆகிறது. அரச அலுவலகங்களில் தமிழில் கருமமாற்றும் உரிமை அரசியலமைப்பிலேயே உண்டு என்பதால், வாக்குமூலத்தைத் தமிழில் பதியும்படி கேட்கத் தயங்க வேண்டியதில்லை.

நிரூபிப்பது இதைவிடக் கடினம். உடலில் காயம் இருந்தே ஆகவேண்டும் என்று பலர் எண்ணுகிறார்கள். ஆனால் துஷ்பிரயோகத்துக்கு உள்ளான பல பிள்ளைகளின் உடலில் எந்த அடையாளமும் இருப்பதில்லை. இருந்தாலும் சில நாட்களிலேயே ஆறிவிடும். ஆகவே சட்ட வைத்திய அதிகாரியின் அறிக்கையில் காயம் இல்லை என்றிருந்தால், ஒன்றும் நடக்கவில்லை என்று பொருளாகாது. உயிரியல் தடயங்களோ பொதுவாக முதல் மூன்று நாட்களுக்குள் எடுக்கப்பட வேண்டியவை. பிள்ளையைக் குளிப்பாட்டி, உடையைத் துவைத்துவிட்டால் அவையும் போய்விடும். தடயம் காலத்தோடு அழியும் என்பதை 2021 ஜூலையில் நாடே கண்டது. மலையகத்திலிருந்து கொழும்புக்கு வீட்டு வேலைக்குச் சென்ற சிறுமி ஒருத்தி எரிகாயங்களோடு இறந்த வழக்கில், புதைத்த உடலைத் தோண்டியெடுத்து மீண்டும் பரிசோதிக்க நேர்ந்தது.

எனவே பல வழக்குகள் பிள்ளையின் வாய்ச்சொல்லையே நம்பி நிற்கின்றன. சாட்சியச் சட்டப்படி இத்தனை சாட்சிகள் வேண்டும் என்ற நியதி இல்லை. கேள்வி விளங்கி அறிவோடு பதில் சொல்லக்கூடிய பிள்ளை சாட்சியாகலாம். 1999ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கச் சட்டம் பிள்ளையின் வாக்குமூலத்தை வீடியோவில் பதிந்து பயன்படுத்தவும் இடமளிக்கிறது. ஆனால் தாய், ஆசிரியர், பொலிஸ், வைத்தியர் என்று ஆளுக்கொரு தடவை கேட்கக் கேட்கப் பிள்ளை குழம்பும், அல்லது வாய் மூடிவிடும். நீதவான் நீதிமன்றம், சட்டமா அதிபர் திணைக்களம், மேல் நீதிமன்றம் என்று வழக்கு நகரப் பல ஆண்டுகள் ஆகலாம். அதற்குள் பிள்ளை வளர்ந்து நினைவு மங்கும். சாட்சி சொல்ல வேண்டாம் என்ற நெருக்குதலும் கூடும். வயதை நிறுவ வேண்டிய பிறப்புச் சான்றிதழ் இல்லாமலோ பெயர் பிழையாகவோ இருந்தால் இன்னொரு சிக்கல்.

இந்தத் தடைகளில் பலவற்றை முதல் நாளிலேயே குறைக்கலாம். பிள்ளை சொல்வதைக் குறுக்கிடாமல் கேட்டு, அதன் சொற்களிலேயே நாள், நேரத்தோடு எழுதிவைப்பது நல்லது. 'அவன்தானே செய்தான்?' என்று பதிலை வாயில் ஊட்டும் கேள்விகள் கூடாது. சந்தேக நபரிடம் போய் நியாயம் கேட்பது அவரை எச்சரிப்பதாக முடியும். உடைகளைத் துவைக்காமல் கடதாசிப் பையில் வைக்க வேண்டும். பொலிஸுக்குப் போகப் பயமென்றால் பிள்ளையை நேரே வைத்தியசாலையில் அனுமதிக்கலாம். பொலிஸுக்கு அறிவிப்பதை வைத்தியசாலை பார்த்துக்கொள்ளும்.

இந்தியாவில் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், தெரிந்தும் தெரிவிக்காதவரைத் தண்டிக்கிறது. தண்டனைப் பயம் இல்லாத இடத்திலும் பிள்ளைக்கான கடமை குறைவதில்லை. பாடசாலை ஆசிரியரும், பிள்ளைக் காம்பிராவில் பார்த்துக்கொள்பவரும், தோட்ட வைத்தியரும் குற்றத்தை நிரூபித்துவிட்டுத்தான் அறிவிக்க வேண்டும் என்றில்லை. நியாயமான சந்தேகம் எழுந்தாலே போதும். உண்மையைத் தேடிக் கண்டுபிடிப்பது பொலிஸின் வேலை, தீர்ப்பது நீதிமன்றத்தின் வேலை; சந்தேகத்தைக் காலம் தாழ்த்தாமல் சொல்வதுதான் பெரியவர்களின் வேலை.