கம்பி இல்லாத முகவரிகள்: ஃபயர் அலாரம் பேனலின் இன்டர்னல் ஃபங்ஷன்

அட்ரஸபிள் ஃபயர் அலாரம் பேனலில் ஸ்மோக் டிடெக்டர், கால் பாயிண்ட், ரிலே மாட்யூல் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு முகவரி உண்டு. ஏணி போட்டு ஏறினால் தொட்டுப் பார்க்கலாம். அதே பேனலுக்குள் தொடவே முடியாத முகவரிகளும் இருக்கின்றன. கம்பி கிடையாது, பெட்டி கிடையாது, வெறும் நிபந்தனைதான். நோட்டிஃபையர் பேனல்களில் இதை லாஜிக் ஜோன் என்பார்கள். கம்பெனிக்குக் கம்பெனி பெயர் மாறும். நான் இன்டர்னல் ஃபங்ஷன் என்றே எழுதுகிறேன்.

இது எதுக்கு? பத்து டிடெக்டரில் எது அடித்தாலும் நாலு ரிலே வேலை செய்யணும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலு ரிலேயிலும் பத்து முகவரியை எழுதலாம்தான். நாளைக்குப் பதினோராவது டிடெக்டர் வந்தால் மூன்றில் திருத்திவிட்டு நாலாவதை மறப்போம். பத்தையும் ஒரே ‘ஆர்’ ஃபங்ஷனுக்குள் போட்டு, ரிலேக்களை அதைப் பார்க்கச் சொன்னால் திருத்த வேண்டியது ஒரே இடம்.

இதில் உயிரோடு விளையாடுகிற இடம் லிப்ட். அமெரிக்க விதிகளான என்.எஃப்.பி.ஏ 72, ஏ.எஸ்.எம்.இ ஏ17.1 வழியில் சொல்கிறேன். எந்த மாடியின் லிப்ட் லாபியில் புகை வந்தாலும், லிப்ட் தானாகத் தரைத்தளத்துக்கு இறங்கிக் கதவைத் திறந்து நிற்க வேண்டும். புகை தரைத்தள லாபியிலேயே என்றால்? உள்ளே இருப்பவர்களை நேராக நெருப்பு வாசலில் இறக்கிவிடக் கூடாது. லிப்ட் மாற்றுத் தளத்துக்குப் போகணும்.

ஆக, மேல்மாடி லாபி டிடெக்டர்கள் எல்லாம் ‘ஆர்’ ஆகி முதல் ஃபங்ஷன். அது ஓட்டுவது தரைத்தள ரிலே. தரைத்தள லாபி டிடெக்டர் மட்டும் இரண்டாவது. அது ஓட்டுவது மாற்றுத்தள ரிலே. லிப்ட் குழியும் மெஷின் ரூமும் தனிக்கதை. அவற்றுக்கு இன்னொரு ரிலே வேண்டும். லிப்டுக்குள் இருக்கும் தீயணைப்பு வீரரின் தொப்பிச் சின்னம் மினுக்குவது அதனால்தான்.

இங்கே சிலர் கெட்டிக்காரத்தனம் காட்டுவார்கள். இரண்டு ரிலேயும் ஒன்றாக ஓடினால் லிப்ட் குழம்புமே என்று, முதல் ஃபங்ஷனில் ‘இரண்டாவது அடிக்காதபோது மட்டும்’ என்று ஒரு ‘நாட்’ சேர்ப்பார்கள். பார்க்க அழகாத்தான் இருக்கும். இப்போது மூன்றாம் மாடியில் தீ. லிப்ட் தரைக்கு வந்து நிற்கிறது. கொஞ்ச நேரத்தில் புகை படிக்கட்டு வழியாகத் தரைத்தள லாபிக்கும் வருகிறது. ‘நாட்’ உடனே முதல் ரிலேயை விழவைத்துவிடும். விதியோ முதலில் வந்த சிக்னல்தான் தளத்தைத் தீர்மானிக்கும் என்கிறது. எது முதலில் வந்தது என்பதை லிப்ட் கண்ட்ரோலர் பார்த்துக்கொள்ளும். பேனலின் வேலை இரண்டு செய்தியையும் உள்ளபடி சொல்வது, அவ்வளவே.

எனக்கு ‘நாட்’ மேல் இன்னொரு சந்தேகமும் உண்டு. டிடெக்டர் நல்லா இருந்து புகை இல்லாமல் இருப்பதும், டிடெக்டரே செத்துக் கிடப்பதும் அதற்கு ஒன்றுதான். இரண்டுமே ‘அலாரம் இல்லை’.

கால் பாயிண்டை இந்த ஃபங்ஷனில் சேர்க்கவே கூடாது. ‘ஜெனரல் அலாரம்’ என்று ஏற்கெனவே ஒன்று இருக்கே, அதையே லிப்டுக்கும் கொடுத்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் ஐந்தாம் மாடியில் தீயைப் பார்த்த ஆள் ஓடிவந்து தரைத்தளத்தில் கண்ணாடியை உடைப்பார். கால் பாயிண்ட் சொல்வது ஆள் நின்ற இடத்தை. நெருப்பு இருக்கும் இடத்தை அல்ல.

ஒரு வரி மாற்றினாலும் சோதனை உண்டு. மாற்றத்தால் பாதிக்கப்பட்டதாகத் தெரிந்த செயல்கள் எல்லாவற்றையும் 100 சதவீதம் சோதிக்கணும் என்கிறது என்.எஃப்.பி.ஏ 72. நேரடியாகப் பாதிக்கப்படாத டிடெக்டர், கால் பாயிண்ட் வகையறாவிலும் 10 சதவீதம், அதிகபட்சம் 50. ‘சம்பந்தமே இல்லாததை ஏன் சார்?’ என்று சைட்டில் கேட்பார்கள். சம்பந்தம் இல்லை என்பது நம் நினைப்பு மட்டும்தானே.

லிப்டுக்கு நான் வைக்கும் வரிசை இது: மூன்றாம் மாடிப் புகை, லிப்ட் தரைக்கு. ரீசெட். தரைப் புகை, லிப்ட் மாற்றுத் தளத்துக்கு. ரீசெட். பிறகு மூன்றாம் மாடிப் புகை, லிப்ட் இறங்கி நின்றதும் தரைப் புகை. இப்போது அது நகரக் கூடாது.