திரையில் ஒரு பச்சை மேசை



உங்கள் இல்லத்தில் பள்ளிக்கோ கல்லூரிக்கோ செல்லும் பிள்ளை ஒருவன் இருந்தால், கம்ப்யூட்டரிலோ செல்போனிலோ ஏதேனும் ஒரு விளையாட்டு நாள்தோறும் ஓடிக்கொண்டுதான் இருக்கும். சுட்டு வீழ்த்தும் விளையாட்டு என்றால் தாய்மார்கள் உடனே முகம் சுளிக்கிறார்கள். அதுவே பந்துகளை உருட்டும் ஸ்நூக்கர் என்றால், "இதில் சண்டையுமில்லை, சத்தமுமில்லை, ஆடிவிட்டுப் போகட்டும்" என்று விட்டுவிடுகிறார்கள். வேறு சில வீடுகளில் இதற்கு நேர்மாறு. "ஸ்நூக்கர் என்றாலே கிளப்பும் சிகரெட்டும் சூதும்தானே?" என்று பெரியவர் ஒருவர் குரலை உயர்த்தினால் அத்துடன் பேச்சு முடிந்தது. இரு சாராரும் அந்த விளையாட்டின் அருகில் அமர்ந்து பார்க்காமலேயே தீர்ப்பு வழங்கிவிடுகிறார்கள் அல்லவா? ஆடிப் பார்த்த பிறகு தீர்ப்புச் சொன்னால் என்ன என்று தோன்றியதன் விளைவே இக்கட்டுரை. மார்க்கத் தீர்ப்பைச் சொல்லவில்லை. அது ஆலிம்களின் பொறுப்பு. ஒரு விளையாட்டை எப்படி எடை போடுவது என்பதை மட்டுமே இங்கே பேசுகிறேன்.

ஸ்நூக்கர் ஆங்கிலேயர் ஆட்டமாயினும் பிறந்தது நம் நாட்டில்தான். 1875-ஆம் ஆண்டு ஜபல்பூர் இராணுவ முகாமில் நெவில் சேம்பர்லின் என்னும் இளம் அதிகாரி, பழைய பில்லியர்ட்ஸ் மேசையில் வண்ணப் பந்துகளைச் சேர்த்து இதனை உருவாக்கினார். (பின்னாளில் பிரிட்டிஷ் பிரதமராயிருந்த சேம்பர்லின் வேறு, இவர் வேறு.) 1882-இல் இதன் விதிகள் எழுதி மாட்டப்பட்ட இடம் நமது உதகமண்டலத்தின் ஊட்டி கிளப். பச்சை மேசைக் குடும்பத்தின் ஆட்டங்களில் முஸ்லிம்களும் பெயர் நாட்டியிருக்கிறார்கள். 1973-இல் பம்பாயில் உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் பட்டத்தை வென்றவர் இலங்கையின் முஹம்மது லஃபீர். 1994-இல் ஜோஹன்னஸ்பர்க்கில் உலக அமெச்சூர் ஸ்நூக்கர் பட்டம் பாகிஸ்தானின் முஹம்மது யூசுஃபுக்குக் கிடைத்தது. அதே நாட்டின் முஹம்மது ஆஸிஃப் 2012, 2019, 2024 என மும்முறை அப்பட்டத்தை வென்றார். இடையே 2022-இல் அதை வென்ற அஹ்ஸன் ரம்ஸானுக்கு அப்போது வயது பதினாறு.

பெரியவர்களின் அச்சத்திலும் நியாயம் இல்லாமலில்லை. 1976 முதல் 2005 வரை உலகத் தொழில்முறைப் போட்டிக்குப் புரவலராக இருந்தது ஒரு சிகரெட் நிறுவனம். 2023-இல் ஆட்டமுடிவை விற்ற விவகாரத்தில் சீன ஆட்டக்காரர்கள் பத்துப் பேர் தண்டிக்கப்பட்டனர். அவர்களில் இருவருக்கு ஆயுட்காலத் தடை. ஆட்டத்தைக் கெடுத்தவை மேசையைச் சுற்றி நின்றவையே, மேசையன்று.

அந்த மேசை நம் வீட்டுக்குள் வர வழியில்லை. பன்னிரண்டு அடி நீளம், ஆறு அடி அகலம், அடியில் கற்பலகை. எடை ஒரு டன்னுக்கு மேல். நடுத்தர வீட்டின் கூடத்தில் அதனைப் போட்டால் மனிதர்கள் திண்ணைக்குத்தான் போகவேண்டும். ஆகவே பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஸ்நூக்கர் என்பது திரையில் காணும் ஸ்நூக்கரே.

அதனைத் திரைக்குக் கொண்டுவந்தவர்களில் குறிப்பிடத்தக்கவர் ஆர்ச்சர் மக்ளீன் என்னும் ஆங்கிலேயர். 2022-இல் காலமானார். 1991-இல் அவர் எழுதி வெளிவந்த 'ஜிம்மி ஒயிட்ஸ் வேர்ல்விண்ட் ஸ்நூக்கர்', அமிகா, அட்டாரி எஸ்டி ஆகிய அக்காலக் கம்ப்யூட்டர்களில் ஓடியது. இன்றைய மலிவான செல்போனின் முன் அவை பொம்மைகள். இருந்தும் மேசையை எந்தக் கோணத்திலிருந்தும் சுற்றிப் பார்க்கலாம். கோலின் நுனி வெள்ளைப் பந்தின் மேலே படவேண்டுமா, கீழேயா, பக்கத்திலா என்று தேர்ந்தெடுக்கலாம். வேகத்தையும் அளந்து அடிக்கலாம். நீண்ட நேரம் அடிக்காமல் யோசித்துக்கொண்டிருந்தால் பந்துகளுக்கு முகம் முளைத்து நாக்கைத் துருத்திக் கேலி செய்யும்! குழந்தைகள் இதற்காகவே அடிக்காமல் காத்திருப்பார்கள். பெயர் தந்த ஜிம்மி ஒயிட்டோ ஆறு முறை உலக இறுதியாட்டத்துக்கு வந்து ஆறிலும் தோற்றவர். சூதாட்டத்தில் இழந்ததைப் பற்றித் தாமே பின்னாளில் வெளிப்படையாகப் பேசியவர். 2019-இல் வெளியான 'ஸ்நூக்கர் 19'-இல் ஆட்டக்காரர்களின் முகமும் அரங்கும் துணியின் பளபளப்பும் நேரில் காண்பது போலவே இருக்கின்றன. ஆனாலும் வாசகர்களே, பளபளப்பைக் கண்டு மதிப்பெண் போட்டுவிடாதீர்கள். ஸ்நூக்கர் விளையாட்டின் தரம் பந்தின் நடத்தையில்தான் இருக்கிறது.

அதைச் சோதிக்கப் பெரிய படிப்புத் தேவையில்லை. மகனை அருகில் அமர்த்திக்கொண்டு இதைச் செய்து பாருங்கள். வெள்ளைப் பந்தின் மையம் சிவப்புப் பந்தின் விளிம்பை நோக்கிச் செல்லுமாறு குறிவைத்து அடிக்கச் சொல்லுங்கள். பாதிப் பந்து அடி என்பார்கள். சிவப்பு, வந்த திசையிலிருந்து 30 பாகை விலகி ஓடவேண்டும். இது எல்லா விளையாட்டுகளிலும் சரியாக வரும், பள்ளிக் கணக்குதான். சிவப்பைத் தொட்ட பிறகு வெள்ளை எங்கே போகிறது என்பதே உண்மையான சோதனை. வெள்ளை உருளாமல் வழுக்கிக்கொண்டே வந்து மோதியிருந்தால், இரு பந்துகளும் பிரியும் கோணம் ஏறத்தாழ 90 பாகை. அதாவது வெள்ளை 60 பாகை திரும்பும். நன்றாக உருண்டு வந்து மோதியிருந்தாலோ, உருளும் வேகம் அதனை மீண்டும் முன்னே இழுக்கும். முடிவில் 34 பாகை அளவே திரும்பியிருக்கும். எவ்வளவு பெரிய வேறுபாடு, பாருங்கள்! எப்படி வந்து மோதினாலும் செங்கோணத்திலேயே பிரிகிற விளையாட்டாக இருந்தால், அதை எழுதியவர் ஸ்நூக்கரை எழுதவில்லை. கண்ணாடித் தளத்தில் கோலிக்குண்டு ஆட்டத்தை எழுதியிருக்கிறார்.

இன்னொரு சோதனையும் உண்டு. நடுவில் அடிபட்ட பந்து முதலில் வழுக்குகிறது. துணியின் உராய்வால் படிப்படியாக உருளத் தொடங்குகிறது. முழுமையாக உருளும்போது அதன் வேகம் தொடக்க வேகத்தில் ஏழில் ஐந்து பங்காகக் குறைந்திருக்கும். கீழே அடித்துப் பின்சுழற்சி கொடுத்த பந்தும் தூரம் போகப் போக அச்சுழற்சியை இழக்கும். ஆகவே அருகிலுள்ள சிவப்பை அடித்து வெள்ளையைப் பின்னோக்கி இழுப்பது எளிது. மேசையின் மறுகோடியிலிருந்து இழுப்பது கடினம். திரையில் இவ்விரண்டும் ஒரே மாதிரி நடந்தால் அந்த விளையாட்டுப் பொய் சொல்கிறது. பைகளையும் கவனியுங்கள். 52.5 மில்லிமீட்டர் பந்துக்கு மூலைப் பையின் வாய் ஏறத்தாழ மூன்றரை அங்குலந்தான். மெய்யான மேசையில் வேகமாக வரும் பந்து பையின் தாடையில் பட்டுத் துடித்து வெளியே வந்துவிடும். எதைப் போட்டாலும் விழுங்கும் தாராள மனப்பான்மையுள்ள பைகள் பிள்ளையை மகிழ்விக்கும், பழக்காது.

நோக்குக் கோட்டைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். பந்து எங்கே போகும் என்று முன்கூட்டியே திரையில் வரைந்து காட்டும் கோடு அது. முதல் வாரத்துக்கு அது நல்ல ஆசிரியர். அதன்பின் நீக்கிவிடச் சொல்லுங்கள். கோட்டைப் பார்த்து அடிப்பவன் பந்தைப் பார்ப்பதில்லை.

இதுவரை சொன்னவை எல்லாம் கணக்கு. இனிச் சொல்ல இருப்பதே என்னை எழுதத் தூண்டியது.

என் தங்கை மகன் கம்ப்யூட்டர் ஸ்நூக்கரில் தேர்ந்தவன். நோக்குக் கோடில்லாமல் ஆடுவான். பத்தில் எட்டு ஆட்டங்களில் என்னைத் தோற்கடிப்பான். உண்மையான மேசையைக் கண்டதில்லையே என்று ஒருநாள் அவனை அழைத்துச் சென்றேன். மேசையின் அளவைக் கண்டு முதலில் திகைத்தாலும் அரைமணியில் கை பழகிவிட்டது. சிவப்பு ஒன்றை அடிக்க எட்டிக் குனிந்தபோது, அவனது சட்டையின் கைமடிப்பு பக்கத்துச் சிவப்பை உரசியது. அந்தப் பந்து ஒரு நெல்மணி அளவு நகர்ந்தது. உடலோ உடையோ பந்தைத் தொட்டால் ஃபவுல். எதிராளிக்குக் குறைந்தது நான்கு புள்ளிகள். அவனும் பார்த்தான், நானும் பார்த்தேன். அவன் அடித்தான், பந்து விழுந்தது, தொடர்ந்து இருபது புள்ளிகளுக்கு மேல் சேர்த்தான். நான் வாய் திறக்கவில்லை. சிறுவன்தானே என்ற எண்ணம். அது என் தவறு.

வீடு திரும்பும் வழியில் கேட்டேன். அவன் மறைக்கவில்லை. "கை பட்டது தெரியும் மாமா. ஆனா யாரும் ஃபவுல்னு சொல்லலையே!" என்றான்.

அவன் திருட்டுத்தனம் செய்தவன் அல்லன் என்பது அந்தப் பதிலிலேயே தெரிந்தது. ஆயிரம் ஆட்டங்கள் ஆடிய பிள்ளைக்கு ஃபவுல் என்பது அறிவிக்கப்படுவது. தான் அறிவிப்பது அன்று. திரையில் கோல் தவறிப் படாது, கைமடிப்பு உரசாது. வேறு தவறு நேர்ந்தால் பந்து நிற்கும் முன்பே எழுத்து மின்னும், புள்ளி மாறும். ஸ்நூக்கரில் நெடுங்காலமாக ஒரு மரபு உண்டு: நடுவர் காணாவிட்டாலும், தொலைக்காட்சிக் கேமராக்களுக்குத் தப்பினாலும், தன் தவறை ஆட்டக்காரனே அறிவித்துவிட்டு மேசையை விட்டு நகர்வான். பெரும் பரிசுப் பணத்துக்கான ஆட்டங்களிலும் இதைக் காணலாம். அமானிதம் என்னும் சொல்லை அறியாதவர்களும் அமானிதமாகக் காத்துவரும் வழக்கம் இது. அந்த வழக்கம் நடைபெறுவதற்கு, யாரும் பார்க்காமல் போகும் வாய்ப்பு ஒன்று வேண்டும். கம்ப்யூட்டரிலோ பார்க்கப்படாத தவறு என்று ஒன்றே இல்லை.

நிய்யத் விஷயத்திலும் இதே கதை. ஸ்நூக்கரில் 'மிஸ்' என்றொரு விதி உண்டு. அடிக்கவேண்டிய பந்தை ஆட்டக்காரர் தொடத் தவறினால், அவர் தம்மால் இயன்ற அளவு முயன்றாரா, முயலாமல் சாமர்த்தியம் காட்டினாரா என்று நடுவர் முடிவு செய்கிறார். முயலவில்லை என்று கருதினால், பந்துகளைப் பழைய இடத்தில் வைத்து மீண்டும் அவரையே அடிக்கச் சொல்லும் உரிமை எதிராளிக்குக் கிடைக்கிறது. உள்ளத்தை அளக்கும் விதி! ஸஹீஹுல் புகாரியின் முதல் ஹதீஸ் நிய்யத்தைப் பற்றியது என்பதை அறிந்த நமக்கு இது புதிதன்று. ஆனால் ஒரு புரோகிராம் என்ன செய்யும்? தவறிய அடிக்கெல்லாம் 'மிஸ்' அறிவிக்கலாம், எதற்குமே அறிவிக்காமல் விடலாம், எத்தனை தூரம் தவறியது என்று அளந்து ஊகிக்கலாம். நேர்மையாக முயன்று நூலிழையில் தவறியவனையும், வேண்டுமென்றே நூலிழையில் தவறவிட்டவனையும் அதனால் வேறுபடுத்த இயலாது.

இதற்காக அந்த விளையாட்டை வீட்டிலிருந்து துரத்தவேண்டும் என்று நான் சொல்லவில்லை. கோணமும் பொறுமையும் அடுத்த அடியை முன்கூட்டி எண்ணும் பழக்கமும் அதில் கிடைக்கின்றன. மஃரிப் பாங்கு ஒலித்ததும் ஆட்டத்தை அப்படியே நிறுத்திவிட்டு எழலாம். பந்துகள் இருந்த இடத்தில் இருக்கும். ஒரேயொரு வகையை மட்டும் நான் ஒதுக்குகிறேன். செல்போனில் வரும் பந்து விளையாட்டுகள் சிலவற்றில் ஆட்டம் தொடங்கும் முன் இருவரும் சம அளவு நாணயம் வைக்கவேண்டும். வென்றவன் இரண்டையும் எடுத்துக்கொள்வான். நாணயம் தீர்ந்தால் கடையில் காசு கொடுத்து வாங்கலாம். 'பொய் நாணயந்தானே' என்கிறார்கள். அல்மாயிதா அத்தியாயத்தின் 90, 91 ஆவது வசனங்களை ஓதி வளரும் பிள்ளைக்கு, மைஸிரின் உருவத்தையே விளையாட்டாகப் பழக்குவானேன்? பணயம் இல்லாத ஸ்நூக்கர் எத்தனையோ இருக்கின்றன.

தங்கை வீட்டில் இப்போது ஒரு மாற்றம் செய்திருக்கிறோம். இருவர் ஆடும் முறையில் மட்டுமே ஆட்டம். திரையில் புள்ளிகள் தோன்றும் மூலையில் ஓர் அட்டையை ஒட்டிவிட்டாள் தங்கை, ஒலியையும் நிறுத்திவிட்டோம். புள்ளிகளை நோட்டில் நாங்களே எழுதுகிறோம். தவறு நேர்ந்தால் அடித்தவனே வாய்விட்டுச் சொல்லவேண்டும். தொடக்கத்தில் பையனுக்கு இது எரிச்சலாக இருந்தது. "அதான் கம்ப்யூட்டரே எண்ணுதே மாமா" என்று முனகினான். அட்டையை எடுத்துப் பார்க்கும்போது நோட்டுக்கும் திரைக்கும் வேறுபாடு வந்தால் யார் கணக்குத் தவறு என்று ஒரு விசாரணை. பெரும்பாலும் என் கணக்குத்தான் தவறு!

சென்ற மாதம் மீண்டும் உண்மையான மேசைக்குப் போனோம். ஆட்டம் இழுபறி. நீலத்தை அடிக்க உடலை நீட்டிக் குனிந்தவன், அடிக்காமலே நிமிர்ந்தான். "பழுப்பு மேல சட்டைப் பட்டன் பட்டுடுச்சு மாமா" என்றான். நான் அப்போது சுண்ணக்கட்டியைத் தேடிக்கொண்டிருந்தேன், எதையும் பார்க்கவில்லை. எனக்கு ஐந்து புள்ளிகள் ஏறின. அந்த ஆட்டத்தை நான் மூன்று புள்ளிகளில் வென்றேன். வரும் வழியெல்லாம் அவன் என்னோடு பேசவில்லை.