படித்த இடத்துக்கே துணைவேந்தர்!

பரோடா கல்லூரியில் ஒரு பெண் படித்தார். 1918-ம் ஆண்டு தத்துவப் பாடத்தில் பி.ஏ. பட்டம் பெற்றார். 31 ஆண்டுகள் கழித்து அந்தக் கல்லூரி பல்கலைக்கழகமாக மாறியது. முதல் துணைவேந்தராக வந்து உட்கார்ந்தவர் யார் தெரியுமா?

அதே பெண்தான்!

அவர் பெயர் ஹன்சா மேத்தா. வேந்தர் என்பவர் பெயருக்குத்தான். பல்கலைக்கழகத்தை நடத்துகிறவர் துணைவேந்தரே. ஆணும் பெண்ணும் சேர்ந்து படிக்கும் பல்கலைக்கழகத்தை இந்தியாவில் ஒரு பெண் நடத்தியது அதுவே முதல் தடவை.

திவான் மகள்

ஹன்சா 1897-ல் பிறந்தார். தந்தை மனுபாய் மேத்தா, பரோடா சமஸ்தானத்தின் திவான். சுகமாக வாழ்ந்திருக்கலாம். ஹன்சா அப்படி இருக்கவில்லை. 1924-ல் டாக்டர் ஜீவராஜ் மேத்தாவை மணந்தார். மாப்பிள்ளை வேறு சாதி. ஹன்சாவின் சாதியார் எதிர்த்தனர். மன்னர் சயாஜிராவ் ஆதரவாக நின்றார்.

1930-ல் பம்பாயில் அந்நியத் துணிக்கடை மறியல். ஹன்சா சிறை சென்றார். 1932-ல் மீண்டும் சிறை.

ஒரு சொல்

1948-ம் ஆண்டு ஐ.நா. சபை மனித உரிமைப் பிரகடனத்தைத் தயாரித்தது. எழுதிய குழுவில் இந்தியாவின் சார்பில் ஹன்சா இருந்தார்.

"ஆல் மென்" என்று அதில் எழுதியிருந்தார்கள். "மென்" என்றால் மனிதர்கள். ஆண்கள் என்றும் பொருள் உண்டு. தலைவியான ரூஸ்வெல்ட் அம்மையார், அது பெண்களையும் சேர்த்ததுதான் என்று எண்ணினார். ஹன்சா விடவில்லை. ஆண்களுக்கு மட்டுமே உரிமை என்று நாளை யாராவது வாதாடினால்? "எல்லா மனிதப் பிறவிகளும்" என்று வாசகம் மாறியது. உலகப் பெண்கள் அனைவருக்கும் பயன்பட்ட திருத்தம் இது. ஆனால் நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

அடுப்பங்கரையும் ஆராய்ச்சியும்

மறு ஆண்டு பரோடாவில் பதவி ஏற்றார். 1950-ல் நுண்கலைத் துறையும் மனையியல் துறையும் பிறந்தன. உணவுச் சத்து, குழந்தை வளர்ப்பு எல்லாம் பட்டப் படிப்பாயின.

பெண்ணை மறுபடி அடுப்பங்கரைக்கு அனுப்புவதா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் வீட்டு வேலையை யாரும் வேலையாகவே மதிக்காத காலம் அது. அதை ஆராய்ச்சிக்கூடத்துக்குக் கொண்டு போனது சிறிய காரியமா? மற்றத் துறைகளின் கதவும் பெண்களுக்குத் திறந்தே இருந்தது.

1958 வரை பதவியில் இருந்தார். 1995-ல் காலமானார். குழந்தைகளுக்குக் குஜராத்தியில் கதைகள் எழுதியவர். "கலிவரின் பயணங்கள்" கதையையும் மொழிபெயர்த்தார். அந்தப் பல்கலைக்கழக நூலகத்துக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள்.