பிள்ளைகள் சொல்லட்டும், நாம் கேட்போம்



நம் பிள்ளைகளுக்குக் கதை சொல்ல வரவில்லை என்று பெற்றோர் வருந்துகின்றனர். வரும், கேட்பதற்குத்தான் ஆள் வேண்டும்.

1950ஆம் ஆண்டு, ‘தமிழ் நேசன்’ நாளிதழில் (2019இல் நின்றுபோனது) சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் ‘கதை வகுப்பு’ நடத்தினார்கள். அந்த 1950களிலேயே சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணி தமது ‘தமிழ் முரசு’ இதழில் ‘மாணவர் மணிமன்றம்’ என்று பிள்ளைகளுக்கே இடம் ஒதுக்கினார். அதில் எழுதிப் பழகியவர் பலர் பின்னாளில் எழுத்தாளர்களாயினர். தன் பெயரை அச்சில் கண்ட பிள்ளை பேனாவைக் கீழே வைக்குமா?

ஆசிரியப் பணியில் நான் கண்டது வேறு. யூ.பி.எஸ்.ஆர். கட்டுரைக்காக உவமைத்தொடர்களை நெட்டுருப் போட்டார்கள். வகுப்பு முழுவதும் ஒரே கட்டுரை! (திருத்துவது மட்டும் சுலபம்.) அத்தேர்வு 2021இல் நீக்கப்பட்டது; நெட்டுருப் பழக்கம் நீங்கியபாடில்லை.

ரெங்கம் வட்டாரத் தோட்டங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. லயத்துக் குடும்பங்கள் பல பட்டணம் போயின. விடியுமுன் பெரட்டுக்குப் போன பாட்டிமார் சிலர் இன்னும் நம்மிடையே உள்ளனர். பேரப்பிள்ளைகள் அவர்களிடம் கேட்டுத் தம் சொல்லில் சொல்லட்டும். இடையில் இலக்கணம் திருத்தாதீர்கள், “பிறகு என்ன ஆச்சு?” என்று மட்டும் கேளுங்கள். சிறுவன் நடுவே பேயைக் கொண்டுவந்தால் வரட்டும். “தோட்டத்தை ஏன் விட்டு வந்தோம்?” என்று பதினைந்து வயதுப் பெண் கேட்டால், பேச்சை மாற்றாமல் பதில் சொல்லுங்கள்.

நன்கொடையாளர்கள் ஆண்டுதோறும் நோட்டுப் புத்தகம் வழங்குகிறீர்கள், மிக்க நன்றி. இனி ஒரு மணி நேரம் மண்டபத்தில் அமர்ந்து, அந்தப் பிள்ளைகள் சொல்வதையும் கேட்க வருமாறு வேண்டுகிறேன்.