'டொக்'னு சத்தம் வந்தா ஷாக்கை மாத்துறதுக்கு முன்னாடி மவுண்டிங்கைப் பாருங்க

நாகர்கோவில் – மார்த்தாண்டம் ரோட்ல ஒரு மழைக்காலம் முழுக்க ஓடின கார், என்னைக்காவது ஒருநாள் முன்பக்கம் 'டொக்'னு சத்தம் போட ஆரம்பிக்கும். வேகமா போகும்போது காத்துச் சத்தத்துல தெரியாது. தெருவுக்குள்ள மெதுவா வரும்போது, சின்ன மேடு பள்ளத்துல நல்லா கேக்கும். உடனே வர்ற தீர்ப்பு: "ஷாக் போச்சு மக்கா." ரெண்டு ஷாக்கையும் மாத்துவாங்க. சில வண்டியில சத்தம் அப்புறமும் போகாது. காரணம், புது ஷாக் மேல பழைய மவுண்டிங்கையே திரும்ப மாட்டியிருப்பாங்க. அதோட விலை ஷாக்கோட விலையில ஒரு சின்ன பங்குதான்.

இந்த மவுண்டிங் என்ன வேலை செய்யுதுன்னு பாப்போம். ஏர்ல் மெக்பெர்சன் 1940-கள்ல யோசிச்ச டிசைன்ல ஸ்பிரிங், ஷாக், ஸ்டியரிங் திரும்புற அச்சு எல்லாம் ஒரே தூணா சேர்ந்திருக்கும். 1950-ல ஃபோர்டு கான்சல், செஃபிர் கார்கள்ல இது வந்துச்சு. நம்ம ஊர்ல 1983-ல வந்த மாருதி 800-லயும் முன்பக்கம் இதே ஸ்ட்ரட்தான். அந்தத் தூணோட மேல் நுனி, கார் பாடியைத் தொடுற இடத்துல இருக்கிறதுதான் ஸ்ட்ரட் மவுண்டிங்: இரும்புத் தகடு, அதோட ஒட்டின ரப்பர், கீழே ஒரு பேரிங். 900 கிலோ கார்னு வைங்க. முன்பக்கம் 60 சதவீதம்னா 540 கிலோ, ஒரு பக்கத்துக்கு 270. சக்கரம், பிரேக் எடையைக் கழிச்சாலும் 240 கிலோ கிட்ட அந்த மவுண்டிங் வழியாத்தான் இறங்கும். அது வண்டி சும்மா நிக்கும்போது. குழியில சாடும்போது இன்னும் ஏறும். இவ்வளவையும் தாங்கிக்கிட்டே ஸ்டியரிங் கூட திரும்பவும் செய்யணும்.

ரப்பர்னதும் நமக்குத் தெரியாத பொருள் இல்ல. குலசேகரம், அருமனை பக்கம் விடியக்காலம் பால் வெட்டுறதைப் பாத்து வளந்தவங்கதான் நம்ம கிளாஸ்ல பாதிப் பேர். இந்த மாதிரி பாகங்களுக்கு இயற்கை ரப்பரைத்தான் அதிகமா எடுக்கிறாங்க. இழுபடும்போது அதோட மூலக்கூறுகள் வரிசையா அடுங்கி படிகமாகும், அதனால ஒரு சின்ன விரிசல் சீக்கிரம் பெருசாகாது. ஆனா வெயில், ஓசோன், எண்ணெய் மூணும் அதுக்கு ஆகாது. சத்தம் வருதுன்னு மவுண்டிங் மேல ஆயில் ஊத்துற வைத்தியத்தை தயவுசெஞ்சு நிறுத்துங்க. நம்ம கடற்கரைப் பக்கம் உப்புக்காத்து வேற. தகடு துருப்பிடிச்சா ஒட்டின ரப்பர் பிரிஞ்சு வந்துரும்.

செக் பண்ண ரெண்டு பேர் போதும். ஹேண்ட்பிரேக் போட்டு, பானட்டைத் திறந்து, ஒருத்தர் ஸ்டியரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பணும். இன்னொருத்தர் மவுண்டிங் மேல லேசா கை வைக்கணும். ஸ்பிரிங் சீரா சுத்தினா சரி. கொஞ்ச நேரம் முறுக்கி நின்னு 'டொய்ங்'னு துள்ளினா பேரிங் இறுகிட்டுன்னு அர்த்தம். வளைவு முடிஞ்சும் ஸ்டியரிங் தானா நேரா வராததும் இதோட அடையாளம்தான். (ஸ்பிரிங் சுருளுக்கு நடுவுல மட்டும் விரலை விட்டுராதீங்க.) அப்புறம் ரப்பர்ல வெடிப்பு இருக்கா, ஒரு பக்கம் மட்டும் மேல தூக்கி நிக்குதான்னு இடது வலது ரெண்டையும் ஒப்பிட்டுப் பாருங்க. ஸ்டெபிலைசர் லிங்க், லோயர் ஆர்ம் பால் ஜாயிண்ட் தேஞ்சாலும் இதே மாதிரி 'டொக்' வரும். அதனால அதையும் ஆட்டிப் பாத்துட்டே முடிவு பண்ணணும்.

மாத்துறப்போ ஜாக்கியை மட்டும் நம்பாம ஸ்டாண்டு வைக்கணும். கல்லு வைக்காதீங்க. சக்கரத்தைக் கழட்டி, பிரேக் ஹோஸ், ஏபிஎஸ் ஒயர், ஸ்டெபிலைசர் லிங்க் எல்லாத்தையும் விடுவிச்சு, ஸ்ட்ரட்டை நக்கிளோட சேக்குற ரெண்டு போல்ட்டையும் எடுக்கணும். எடுக்கிறதுக்கு முன்னாடி அந்த இடத்துல பெயிண்ட்ல ஒரு கோடு போட்டு வைங்க, கேம்பர் ரொம்ப மாறாம இருக்கும். நக்கிள் ஹோஸ்ல தொங்கக் கூடாது, கம்பி கட்டித் தாங்கணும். கடைசியா மேல உள்ள நட்டுகள்.

இனி வர்றதுதான் ஆளைக் கொல்ற இடம். வண்டியில இருந்து வெளிய எடுத்த பிறகும் ஸ்பிரிங் முழுசா விரிஞ்சிருக்காது. பல கிலோ விசையை அடக்கி வச்சுக்கிட்டு, நடு நட்டு ஒண்ணுலதான் நிக்கும். அதைச் சும்மா கழட்டினா மவுண்டிங் முகத்துக்கு நேரா பறக்கும். ஸ்பிரிங் கம்ப்ரசரை எதிரெதிர் பக்கம் மாட்டி, ரெண்டையும் மாத்தி மாத்தி முறுக்கி, ஸ்பிரிங் தன் இருக்கையில லூசா ஆடுற வரைக்கும் நட்டைத் தொடவே கூடாது. கம்ப்ரசர் இல்லன்னா ஒர்க்‌ஷாப்புக்குக் குடுத்துருங்க. அதுல வீராப்பு வேண்டாம். சில மாடல்ல அந்த நடு நட்டுதான் ஸ்ட்ரட்டை பாடியோடயே பிடிச்சிருக்கும், அதனால சர்வீஸ் மேனுவலைப் பாக்காம தொடங்காதீங்க.

மாட்டும்போது புது நட்டு, புது பேரிங் போடுங்க. ஸ்பிரிங் நுனி கீழ் இருக்கையோட படியில சரியா உக்காரணும். பம்ப் ஸ்டாப்பும் தூசி உறையும் கிழிஞ்சிருந்தா அதையும் இப்பவே மாத்திரலாம், திரும்ப இதே வேலையை யார் செய்வா? ரெண்டு பக்கத்தையும் சேத்தே மாத்தணும், முறுக்கு அளவு மேனுவல்ல உள்ளபடி. அப்புறம் வீல் அலைன்மெண்ட்.

கழட்டின பழைய மவுண்டிங்கைத் தூக்கிப் போடாதீங்க. நம்ம ஒர்க்‌ஷாப் லேப்ல ஹேக்ஸா வச்சு நடுவுல அறுத்துப் பாருங்க, ரப்பர் தகட்டுல இருந்து எந்த இடத்துல பிரிஞ்சதுன்னு கண்ணாலயே தெரியும்.